நுண்ணோக்கியில் வேட்டை பார்க்க: எந்த உயிர், எந்தக் கருவி, எந்தத் தண்ணீர்?

ஒருசெல் உயிரி ஒன்று இன்னொன்றைப் பிடித்து விழுங்குவதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த நுண்ணோக்கி வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த வேட்டையாளரைப் பார்க்கப் போகிறீர்கள்? கருவி, வெளிச்சம், தண்ணீர் எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் நான் இதைச் செய்து வருகிறேன். அதனால் இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர் வெப்பத்தையும் குழாய்த் தண்ணீரையும் கொசுக் கட்டுப்பாட்டையும் மனத்தில் வைத்துச் சொல்வது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாதாரண நுண்ணோக்கியின் 10 மடங்கு கண்ணருகு லென்ஸில் பார்வை எண் பெரும்பாலும் 18. அதைப் பொருளருகு லென்ஸின் மடங்கால் வகுத்தால், நமக்குத் தெரிகிற வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 4 மடங்கு லென்ஸில் 4.5 மி.மீ., 10 மடங்கில் 1.8 மி.மீ., 40 மடங்கில் 0.45 மி.மீ. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி விநாடிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நீந்தும். அப்படியென்றால் மொத்தம் 400 மடங்கு (10 × 40) உருப்பெருக்கத்தில் அது அரை விநாடிக்குள் வட்டத்தைக் கடந்து காணாமல் போய்விடும். வேட்டையோ, இரை சிக்குவதிலிருந்து விழுங்கி முடிக்கும்வரை, ஒரு நிமிடத்திலிருந்து அரை மணி நேரம்வரைகூட நீளும். மடங்கு ஏற ஏற நுணுக்கம் கூடும், ஆனால் வேட்டை பார்வையிலிருந்து நழுவும். இந்தக் காரியத்துக்கு மொத்தம் 40 முதல் 100 மடங்குதான் பெரும்பாலும் உதவும் என்பது என் உறுதியான கருத்து. 400 மடங்கு தேவைப்படுவது, வேட்டையாளர் ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும்.

இப்போது வேட்டையாளர்களைப் பார்ப்போம். நீந்திப் பிடிப்பவை, ஊர்ந்து பிடிப்பவை, இருந்த இடத்திலேயே பிடிப்பவை என்று மூன்று விதமாக நான் பிரித்துக்கொள்கிறேன்.

நீந்துபவற்றில் புகழ்பெற்றது டிடினியம். பீப்பாய் வடிவம், உடலைச் சுற்றி இரண்டு குற்றிழைப் பட்டைகள் (குற்றிழை என்பது நீந்த உதவும் நுண்மயிர்), முன்னால் கூம்பு போன்ற மூக்கு. சுழன்றுகொண்டே நீந்தும். மூக்கு பாரமீசியத்தின் மேல் பட்டதும் நச்சு நூல்களைப் பாய்ச்சி அதைச் செயலிழக்கச் செய்து, தன்னைவிடப் பெரிய அந்த உயிரை முழுசாக விழுங்கும். பாரமீசியமும் சும்மா இருக்காது, தன் தற்காப்பு நூல்களை வெடித்து வெளியே தள்ளும். நுண்ணோக்கியில் இதைவிடப் பரபரப்பான காட்சி எனக்குத் தெரியாது. இருந்தும் புதிதாகத் தொடங்குபவருக்கு டிடினியத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ரஷ்ய அறிவியலாளர் காவ்ஸே 1934ல் வெளியிட்ட சோதனைகளே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. ஒளிந்துகொள்ள இடமில்லாத குழாயில் இரண்டையும் சேர்த்து விட்டபோது டிடினியம் எல்லா பாரமீசியத்தையும் தின்று தீர்த்தது, பிறகு தானும் பட்டினியால் மடிந்தது. வீட்டிலும் அதுவேதான் நடக்கும். தனியாக ஒரு பாரமீசியம் பாட்டில் எப்போதும் வைத்திருந்து, வேண்டும்போது ஒரு சொட்டு எடுத்து இரையாகக் கொடுக்கிறவருக்கே டிடினியம் சரிப்படும். இரை தீர்ந்தால் சில டிடினியங்கள் ஓடு கட்டி உறங்கிவிடும், உணவு வந்ததும் எழும். அது ஓர் ஆறுதல்.

1973ல் லக்கின்பில் என்ற ஆய்வாளர் இதே இரு உயிர்களின் நீரில் மீத்தைல் செல்லுலோஸ் கலந்து பார்த்தார். நீர் கெட்டியாகி இரண்டும் மெதுவாக நகர்ந்தன, சந்திப்புகள் குறைந்தன, இரையும் வேட்டையாளரும் கூடுதல் காலம் சேர்ந்து வாழ்ந்தன. நீந்தும் உயிர்களை மெதுவாக்க ஸ்லைடில் நாம் விடுவதும் இதே பொருள்தான். அதனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதை விட்டால் வேட்டை தெளிவாகத் தெரியும், ஆனால் வேட்டை நடக்கும் வாய்ப்பே குறையும். உருவத்தைப் பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், உணவு உண்பதைப் பார்க்க அது வேண்டாம்.

லாக்ரிமேரியா என்று இன்னொன்று இருக்கிறது. குட்டி உடல், ஆனால் கழுத்தை உடலைப் போலப் பல மடங்கு நீட்டித் துழாவி இரையைக் கவ்வும். அவ்வளவு நீளம் எங்கே மடிந்திருக்கிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு 2024ல் விளக்கியது. செல்லின் மேற்பரப்பு காகித மடிப்புக் கலை போலச் சுருண்டு மடிந்து விரிகிறதாம். கிடைத்தால் பெரும் அதிர்ஷ்டம். தேடிப் போக வேண்டாம், தானாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்ந்து பிடிப்பதில் அமீபா. பாடநூல் படம் எல்லாருக்கும் நினைவிருக்கும்: போலிக்கால்கள் கிண்ணம் போல இரையைச் சூழ்ந்து மூடி உணவுக் குமிழாக்கும். நேரில் பார்க்கும்போது அந்தப் படம் காட்டாத ஒன்று தெரியும். உள்ளே அடைபட்ட பாரமீசியம் குமிழுக்குள் சில நேரம் நீந்திக்கொண்டே இருக்கும். அமீபா மெதுவாக நகர்வதால் 100 மடங்கில் அதைத் தொடர்வதும் எளிது. ஆனால் பாடநூலில் வரும் பெரிய அமீபா புரோட்டியஸ் 20 டிகிரி சுற்றுவட்டத்தில்தான் நன்றாக வாழும். நம் வீடுகளில் பகலில் 30 டிகிரியைத் தொடும்போது அதை நாள்கணக்கில் பராமரிப்பது பெரும்பாடு. ஏர்கான் எப்போதும் ஓடும் அறை இல்லையென்றால் இதைத் தள்ளிவைக்கச் சொல்வேன்.

இருந்த இடத்திலேயே பிடிப்பவைதான் என் முதல் தேர்வு. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

சக்டோரியா என்று ஒரு கூட்டம். வளர்ந்த பருவத்தில் குற்றிழை கிடையாது, வாயும் கிடையாது. பெரும்பாலானவை ஒரு காம்பில் நின்றுகொண்டு, முனையில் சின்னக் குமிழ் வைத்த உணர்கொம்புகளை எல்லாப் பக்கமும் நீட்டியிருக்கும். நீந்தி வரும் உயிர் அதில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கொம்பே உறிஞ்சுகுழலாகி, இரையின் சைட்டோபிளாசம் துகள் துகளாக அதன் வழியே வேட்டையாளரின் உடலுக்குள் இறங்கும். இரை சுருங்க, சக்டோரியா பருக்கும். இதெல்லாம் 10, 20 நிமிடம் ஒரே இடத்தில், 400 மடங்கிலும் வட்டத்தை விட்டு விலகாமல் நடக்கும். என் அண்ணன் மகள் இதைப் பார்த்தபோது, "சித்தப்பா, இது செத்துப்போச்சா இல்லையா? இன்னும் முடி ஆடுதே?" என்று கேட்டாள். இரையின் குற்றிழைகள் அப்போதும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு செல்லில் உயிர் எந்த நொடியில் போகிறது என்ற கேள்வியை 13 வயதில் ஒரு பிள்ளை தானாகவே கேட்க வைக்கிற காட்சி இது. டிடினியத்தின் வேகத்தில் அந்தக் கேள்விக்கே நேரம் இருக்காது.

அடுத்தது சூரிய உயிரிகள், அதாவது ஆக்டினோஃபிரிஸ் வகை. உருண்டை உடல், அதிலிருந்து கதிர் கதிராக விறைத்த போலிக்கால்கள். இரை ஒட்டியதும் கதிர் சுருங்கி உள்ளே இழுக்கும், உடல் மெல்ல எழுந்து இரையை மூடும். பெரிய இரை சிக்கினால் பக்கத்தில் இருக்கும் ஓரிரு ஆக்டினோஃபிரிஸ்கள் ஒன்றோடொன்று இணைந்து சேர்ந்தே தின்பதும் உண்டு.

ஸ்டென்டரை வேட்டையாளர் என்பதா, வடிகட்டி உண்பது என்பதா என்ற விவாதம் இருக்கிறது. பாக்டீரியா, பாசியோடு சின்னக் குற்றிழை உயிர்களையும் சில சமயம் ரொட்டிஃபர் என்ற நுண்ணிய பலசெல் உயிர்களையும்கூட விழுங்குவதால் எனக்கு அது வேட்டையாளர்தான். நாதஸ்வரத்தை நிமிர்த்தி நட்டதுபோல நிற்கும். அகன்ற வாயைச் சுற்றிய குற்றிழைகள் நீரில் சுழல் உண்டாக்கி எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். சில இனங்கள் 1 மி.மீ.க்கும் மேல் வளரும், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அமெரிக்க விலங்கியலாளர் ஜென்னிங்ஸ் 1900களின் தொடக்கத்தில் ஸ்டென்டர் ரோசெலி என்ற இனத்தின் வாயருகே சிவப்புச் சாயத்தூளைத் தூவிப் பார்த்தார். அது முதலில் உடலை வளைத்து விலகும், பிறகு குற்றிழைகளைத் திருப்பியடித்துத் தூளை வெளியே தள்ளும், அதுவும் பலிக்காவிட்டால் சுருங்கும், கடைசியில் பிடியை விட்டு நீந்திப் போய்விடும் என்று எழுதினார். இதை நம்பாதவர்கள் பலர். 2019ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் மணிகளை வைத்துத் திரும்பச் செய்து பார்த்து, அந்த நடத்தைகளும் அவற்றுக்கு ஒரு வரிசையும் இருப்பதை உறுதிசெய்தார்கள். நரம்பு ஒன்றுகூட இல்லாத உயிர் "முதலில் இது, பிறகு அது" என்று தேர்வதை 40 மடங்கிலேயே பார்க்கலாம். எனக்கு வேறு நல்ல காரணம் தேவைப்பட்டதில்லை.

கடைசியாகக் கோலெப்ஸ். சுண்ணாம்புத் தகடு போர்த்திய சின்னப் பீப்பாய். நீந்தும் வகைதான் என்றாலும் இதைத் தேடிப் பின்தொடர வேண்டியதில்லை, இரை இருக்கும் இடத்துக்கு அதுவே வரும். காயம்பட்ட உயிர், செத்த புழுத் துணுக்கு எதுவானாலும் மோப்பம் பிடித்துக் கூட்டமாகச் சூழ்ந்து கடித்துத் தின்னும். மீன்தொட்டி அடிமண்ணில் சர்வசாதாரணம். உறைந்த இரத்தப்புழு உணவில் ஊசிமுனையளவு எடுத்து ஸ்லைடில் வைத்தால் போதும். முதல் வாரத்திலேயே உணவு உண்ணும் காட்சி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்பவர் இதிலிருந்து தொடங்கலாம்.

சரி, கருவிக்கு வருவோம்.

மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப். லாக்ரிமேரியாவின் கழுத்தை ஆராய்ந்த அதே மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது, 2014ல் வெளியானது. ஏறத்தாழ 140 மடங்கு காட்டும். குழாயடியிலும் செடிக்கருகிலும் எடுத்துப் போய் "இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது" என்று பார்க்க அருமையான கருவி. ஆனால் கையில் பிடித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கிற கருவியில் 20 நிமிடம் ஒரே சக்டோரியாவைத் தொடர்வது கடினம். யுஎஸ்பி நுண்ணோக்கிகளின் பெட்டியில் 1000 மடங்கு என்றெல்லாம் எழுதியிருப்பது பெரும்பாலும் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கணக்கு. பூச்சி, இலை, நாணயம் பார்க்கலாம். இந்தக் காரியத்துக்கு அதில் காசைப் போடாதீர்கள்.

உண்மையான போட்டி ஸ்டீரியோ நுண்ணோக்கிக்கும், ஸ்லைடில் வைத்ததை அதிக மடங்கில் காட்டும் கம்பவுண்ட் நுண்ணோக்கிக்கும்தான். ஸ்டீரியோவில் ஒரு பெரிய வசதி: தட்டில் ஊற்றிய தண்ணீரை அப்படியே வைத்துப் பார்க்கலாம். ஸ்லைடின் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடி அழுத்தாது, உயிர்கள் இயல்பாக இருக்கும், இரண்டு கண்ணாலும் ஆழம் தெரியும். 40 மடங்கில் ஸ்டென்டர் அழகாகத் தெரியும். சக்டோரியாவின் கொம்பில் துகள் ஓடுவது மட்டும் தெரியாது. வாங்குவதானால் கீழிருந்து வெளிச்சம் வரும் மேடை உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். மேலிருந்து மட்டும் விளக்கு உள்ளதில் ஒளி ஊடுருவும் இந்த உயிர்கள் சரியாகத் தெரியாது.

கம்பவுண்டில் 4, 10, 40 மடங்கு லென்ஸ்கள் இருந்தால் மேலே சொன்ன எல்லா உயிர்களுக்கும் போதும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸுக்காகக் கூடுதல் காசு வேண்டாம், வேட்டை பார்க்க அதற்கு வேலையே இல்லை. அந்தக் காசை ஸ்லைடை நகர்த்தும் திருகு உள்ள மேடைக்கும், மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும், ஏற்றி இறக்கக்கூடிய கண்டென்சருக்கும், எல்இடி விளக்குக்கும் கொடுங்கள். பழைய ஹாலஜன் விளக்கு ஸ்லைடைச் சூடாக்கும். நம் ஊரில் ஏற்கெனவே 30 டிகிரியில் இருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் அதைத் தாங்காது. கண்டென்சருக்குக் கீழே ஒளி வடிகட்டி (ஃபில்டர்) வைக்கும் தட்டு இருந்தால் கறுப்புக் காகிதத்தில் வட்டம் வெட்டி நடுவில் வைத்துப் பாருங்கள். பின்னணி இருண்டு, உயிர்கள் மட்டும் ஒளிரும். வட்டத்தின் அளவைக் கண்டுபிடிக்க, 10 மடங்கு லென்ஸை வைத்துவிட்டுக் கண்ணருகு லென்ஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். வெளிச்ச வட்டத்தை முழுதும் மறைக்கிற அளவு எதுவோ அதுதான். சக்டோரியாவின் கொம்புகளும் ஆக்டினோஃபிரிஸின் கதிர்களும் இப்படிப் பார்க்கும்போது எடுப்பாகத் தெரியும்.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கம்பவுண்ட் வாங்குங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால் மட்டும் ஸ்டீரியோவை முதலில் சொல்வேன். கவனம் குவிப்பது எளிது, குடும்பமாகப் பார்க்கலாம், சலிப்பு வராது. எதை வாங்கினாலும் ஈரக்காற்று லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டியில் லென்ஸ்களையாவது வையுங்கள்.

தண்ணீர் எங்கே எடுப்பது? மெக்ரிட்சி நீர்த்தேக்கம் பக்கம் நடக்கும்போது பாட்டிலில் கொஞ்சம் அள்ளிக்கொள்ளலாம் என்று தோன்றும். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் உயிரினங்களைச் சேகரிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதனால் அந்த வழியை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஆய்வுப்பொருள் நிறுவனங்களிடம் உயிருள்ள வளர்ப்பை வரவழைப்பதையும் நான் விரும்புவதில்லை. வழியிலேயே வெப்பத்தில் செத்துப்போகலாம், இறக்குமதி விதிகளையும் விசாரிக்க வேண்டும்.

நமக்குக் கைக்கெட்டும் சுரங்கம் மீன்தொட்டி. வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த தண்ணீர், அடிமண்ணின் மேல்படலம், செடித் தண்டில் ஒட்டிய பழுப்புப் படலம், இந்த மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். நின்று வேட்டையாடுபவை அந்தப் படலத்தில்தான் இருக்கும். சொந்தத் தொட்டி இல்லாவிட்டால் செராங்கூன் நார்த் பக்கத்து மீன் கடைகளில் தொட்டியில் வளர்ந்த செடிக்கட்டு ஒன்றை, அதே தொட்டித் தண்ணீரோடு கேட்டு வாங்குங்கள். மூடிய கோப்பையில் திசு வளர்ப்பு என்று விற்கும் செடி வேண்டாம். அது கிருமி நீக்கி வளர்த்தது, ஒன்றுமே இருக்காது. தொட்டிக்கு வெண்புள்ளி நோய் மருந்து போட்டார்களா என்றும் கேளுங்கள். அந்த நோயைத் தருவதே ஒரு குற்றிழை உயிரி. அதைக் கொல்லும் மருந்து நாம் தேடுபவற்றையும் சேர்த்தே கொன்றுவிடும்.

இரைக்கு பாரமீசியம் வளர்க்க, வேகவைத்த இரண்டு மூன்று அரிசி மணிகளைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். பாக்டீரியா பெருகும், அதைத் தின்று பாரமீசியம் பெருகும். டச்சு நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1676ல் மிளகை ஊறவைத்த தண்ணீரில்தான் பாக்டீரியாவைப் பார்த்து எழுதினார், மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தேடிப் போனபோது. அப்புறம், குறையும் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். நம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். ஓர் இரவு திறந்து வைத்தாலும் குளோரின் போல அது போய்விடாது. மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை ஒரு சொட்டு விடுங்கள், அல்லது போத்தலில் வாங்கிய குடிதண்ணீரை ஊற்றுங்கள்.

பாட்டில்களுக்கு மூடி கட்டாயம். நெருக்கமாக நெய்த துணியை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினாலும் சரி. திறந்த பாட்டில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பது நமக்கெல்லாம் தெரியும். அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய காரணம். கொசுப் புழுக்கள் நம் ஒருசெல் உயிர்களையும் தின்றுவிடும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்தத் தண்ணீரைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அகாந்தமீபா என்ற சிறிய அமீபா கருவிழியைப் பாதிக்கக்கூடியது. தண்ணீரை மூக்கில் தெறிக்கவும் விடாதீர்கள்.

நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன்: ஒரு கம்பவுண்ட் நுண்ணோக்கி, குழி உள்ள ஸ்லைடுகள் சில, மீன்தொட்டிப் படலம். முதலில் கோலெப்ஸ், பிறகு ஸ்டென்டர் கிடைத்தால் ஸ்டென்டர், அதன்பின் சக்டோரியா. பாரமீசியம் பாட்டில் சில வாரம் நிலைத்து ஓடுகிறது என்று உறுதியான பிறகு டிடினியத்தைத் தேடலாம். 4 மற்றும் 10 மடங்கு லென்ஸுக்குக் குழி ஸ்லைடை மூடுகண்ணாடி இல்லாமலே வையுங்கள். 40 மடங்குக்கு மூடுகண்ணாடி தேவை. அப்போது அதன் நான்கு மூலையிலும் துளி வாசலைன் வைத்தால் உயிர்கள் நசுங்காது, நான்கு ஓரமும் பூசிவிட்டால் தண்ணீரும் சீக்கிரம் காயாது. பார்க்கிற நேரம் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், விளக்கைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள்.